இது எந்த லீவு

ஜொகூர் பாருவில் வாங்கிய ரப்பர் புழு.
ஆறு அங்குலம். கத்தரிப்பூ நிறத்தில்
மினுக்குத்தூள் போட்டது.
மூக்கருகே கொண்டுபோனால் சோம்பு மணக்கும்.
திருச்சி விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்தவர்
"மிட்டாயா?" என்றார்.
ஆமாம் என்றேன்.
பாதி உண்மை.

மாப்பிள்ளைக்குளத்தில் தண்ணீர் இருக்கிறது,
தெரியத்தான் இல்லை.
கரையோரம் ஆகாயத்தாமரை, அதைத் தாண்டி வேலம்பாசி,
நடுவில் அல்லி, மூலைக்கு மூலை காட்டாமணக்கு.
மேட்டூர்த் தண்ணி வந்து பதினெட்டு நாள்.
நெல்லைவிடப் பாசிக்கு அவசரம்.

முள்ளை நீட்டிக்கொண்டு போகிற தூண்டில்
இங்கே புல் அறுக்கத்தான் லாயக்கு.
முனையைத் திருப்பிப்
புழுவின் வயிற்றுக்குள்ளேயே சொருகிவிட வேண்டும்.
வெளியே பார்த்தால் சாது.
தலையில் தோட்டா மாதிரி ஒரு ஈயம்.
எறிந்தால் இலைமேல் படுக்க வேண்டும்,
பிறகு இலை விளிம்பிலிருந்து
தெரியாத்தனமாகத் தவறி விழ வேண்டும்.
அந்தத் தெரியாத்தனம் கைவர
எனக்கு இரண்டு லீவு ஆனது.

முந்நூறு வாத்துகளை மறுகரையில் விட்டுவிட்டு
வீரமணி வந்து நின்றார்.
"தவக்களை கிடைக்கலியா பாய்?"
"இதுவே போதும்."
"உசுரில்லாதத எப்புடி திங்கும்?"
புழுவை வாங்கி அழுத்தினார், இழுத்தார்,
விட்டதும் பழையபடி சுருங்கியது.
வாத்தொன்று வரப்பேறி ஓடாதிருந்தால்
கடித்தும் பார்த்திருப்பார்.

ஒரு மணி நேரம்.
வீச்சுக்கு ஒரு கை பாசி.

அப்புறம் அல்லி இலைகளுக்கிடையில் ஒரு களுக்.
விரால் மூச்செடுக்க வருகிற சத்தம்.
மீனாய்ப் பிறந்தும்
காற்று வேண்டியிருக்கிறது அதற்கு.
சத்தத்துக்கு இரண்டு முழம் அந்தாண்டை எறிந்தேன்.
இழுத்தேன். நிறுத்தினேன். இலை விளிம்பு.
தவறி விழுந்தது.

டொக்.

இப்போது இழுக்கக் கூடாது.
இழுத்துத்தான் முன்பெல்லாம் விட்டேன்.
ஒன்று.
இரண்டு.
நூல் தானாக இடப்பக்கம் நகர்ந்தது,
கதவைச் சாத்தாமல் யாரோ வெளியே போவதுபோல.
மூன்று.

சுண்டி அடித்தேன். குளமே எழுந்து வந்தது.
அதாவது அரைக்குளத்துப் பாசி,
அதற்குள் எங்கோ ஒரு கோபம்.
வீரமணி வேட்டியை மடித்துக் கட்டி இறங்கிப்
பாசியோடு சேர்த்து அணைத்துக் கரையில் போட்டார்.
பொட்டலம் பிரிப்பதுபோல் பிரித்தோம்.
ஒன்றரைக் கிலோ. பாம்புத் தலை.
வாயோரம் கத்தரிப்பூ வால்.
"இதப் போயா தின்ன?" என்றார் வீரமணி,
என்னிடமில்லை, மீனிடம்.

வீட்டில் ஜெமிலா
சாம்பல் போட்டுத் தேய்த்து வயிற்றைக் கீறியவள்
அப்படியே நின்றாள்.
"மச்சான், இங்க வாங்க."

விரல் நுனியில் இன்னொரு புழு.
பச்சை.
ஒரு மடங்கு ஊதி, வெளுத்து,
வால் மட்டும் சுருள் குலையாமல்.
முள் இல்லை, துருவாய்க் கரைந்திருக்க வேண்டும்.
இந்தத் தடவை நான் பச்சை கொண்டுவரவேயில்லை.

நூல் அறுந்த நாள் நினைவிருக்கிறது.
விமானம் ஏறுவதற்கு முந்தின நாள், அஸருக்குப் பிறகு.
இரண்டு வருஷம், ஒரு மாதம்.
நடுவில் ஒரு கோடைக்குக் குளம் வற்றியது என்றார்கள்.
சேற்றுக்குள் புதைந்து கிடந்து,
தண்ணி வந்ததும் மறுபடி மேலே வந்து மூச்செடுத்து,
செரிக்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல்
வைத்துக்கொண்டே இருந்திருக்கிறது.

"இது எந்த லீவு?" என்றாள்.
சொன்னேன்.
"அஸ்மா வயித்துல இருந்தப்ப."
அவ்வளவுதான் சொன்னாள்.
ஆணத்துக்குப் புளி கரைக்கப் போனாள்.

புழுவை சோப்புப் போட்டுக் கழுவி
ஜன்னலில் காயவைத்திருந்தாள்.
இரவு அதை எடுத்துப் பெட்டியில்
அதன் பழைய பள்ளத்தில் வைத்துப் பார்த்தேன்.
நுழையவில்லை.
திருப்பி வைத்தேன், மடக்கி வைத்தேன்,
மூடி சாத்த மாட்டேன் என்கிறது.

டிக்கெட் இருபத்து மூன்றாம் தேதிக்கு.