மறுபட்டை

நாலு மைக்ரான்.
அவ்வளவு மெலிசாகச் சீவினால்தான்
வெளிச்சம் ஊடுருவும்.
மெழுகுக் கட்டைக்குள் தாசையனின் ஈரல்,
ஒரு தீக்குச்சி நீளம்கூட இல்லை.
பிடியைச் சுழற்றுகிறேன், நாடாவாக விழுகிறது.
வெந்நீரில் மிதக்கவிட்டுக்
கண்ணாடியில் ஏந்துகிறேன்.

மார்த்தாண்டம் பாலத்தடியில் எங்கள் லேப்.
மேலே களியக்காவிளை பஸ் போகும்போதெல்லாம்
லென்ஸ் நடுங்கும், நின்றபின்தான் பார்க்க முடியும்.

படிவத்தில் இருந்தது:
வயது ஐம்பத்து மூன்று. களியல்.
தொழில் ரப்பர் பால்வெட்டு.
பக்கத்தில் யாரோ பென்சிலில்
'குடி?'

குடியில்லை.
ரத்தத்தில் பி வைரஸ்.
தாயிடமிருந்து பிறந்த அன்றைக்கே வந்திருக்கலாம்,
அல்லது சலூன் கத்தியில்.
கேட்டுச் சொல்ல யாருமில்லை.

வைரஸ் நேராகக் கொல்வதில்லை.
அதைத் தேடிவரும் நம்முடைய காவல்தான்
ஒளிந்த வீட்டோடு கொளுத்துகிறது.
வெந்துபோன செல்லின் இடத்தில்
பக்கத்துச் செல் இரண்டாகி நிற்கும்.
வெட்டினாலும் வளர்கிற சதை அது,
ஸ்டெம் செல்லைக் கூப்பிட வேண்டிய அவசியமே இல்லை.
அதுகள் பித்தக்குழாயின் நுனி ஓடைகளில்
கண்ணுக்கு அகப்படாமல் கிடக்கும்.

கொளுத்து, கட்டு.
மறுபடி கொளுத்து, மறுபடி கட்டு.
நடுவில் தழும்பு நாராக ஓடி
ஈரல் தீவு தீவாகும்.
பிரிந்து பிரிந்து பழைய செல்கள் ஓய்ந்துபோனபின்
ஓடைக்கரையில் கிடந்தவை எழுந்து வரும்.
இதோ, ஊதா நிறத்தில், ஒழுங்கில்லாத வரிசை.

இந்த இடத்தில்தான் புத்தகங்கள் பிரிகின்றன.
எழுந்து வந்த குருத்தின் கை பிசகியதா,
இல்லை, முதிர்ந்த செல் ஒன்று
தன் வயதை மறந்து குருத்தானதா?
ரிப்போர்ட்டில் அதற்குக் கட்டம் கிடையாது.
கருப்பையில் ஈரல் சுரந்து
பிறந்தபின் விட்டுவிட்ட புரதம் ஒன்று
தாசையனின் ரத்தத்தில்
நாலாயிரத்து இருநூறு.

அவரே வந்தார் கவரை வாங்க.
டாக்டர் சொல்லியிருந்தார், எல்லாம் தெரியும்.
'ஒருக்கா காட்டித் தருவியளா?'

குனிந்து வெகுநேரம் பார்த்தார்.
எனக்கு ஏதாவது சொல்லியாக வேண்டும்போல் இருந்தது.
கத்தி தடியைத் தொட்டால்
மரத்தில் முண்டு விழுமே, அதுபோல என்றேன்.

நிமிர்ந்துவிட்டார்.
'நான் மரத்துல காயம் போட்டதில்ல.
முப்பத்தியொரு வருசம்.
பட்டைக்கும் தடிக்கும் எடையில
ஒரு வழுவழுப்பு உண்டு,
புதுப்பட்டை அதுலேந்துதான் வரும்.
வெளுக்கதுக்கு முன்ன, தலையில லைட்ட கெட்டிட்டு,
அதத் தொடாம நிறுத்துவேன்.'

பாலம் நடுங்கியது. லென்ஸும்.

'ஒருநாள் வெட்டுனா ஒருநாள் விடுவோம்.
மழைக்கு மாசக்கணக்குல விடுவோம்.
இதுக்கு ஆரு விட்டா?'

நான் பேசவில்லை.
மருந்து ஊற்றினாலும் நாலைந்து செல்
குருத்தின் பிடிவாதத்தோடு தப்பி
மறுபடி தொடங்கக்கூடும் என்பதையும்
சொல்லவில்லை.

கவரை மடித்தவர் திரும்பினார்.
மகள் ஷைலஜாவுக்கு இது எட்டாம் மாசம், அருமனையில்.
'கொச்சுக்கு வருமா?'
இதற்கு மட்டும் என்னிடம் பதில் இருந்தது.
மகளுக்கு ரத்தம் பார்க்க வேண்டும், நாளைக்கே.
பிள்ளைக்கு, பிறந்து இருபத்துநாலு மணிக்கூறுக்குள்
முதல் ஊசி.
'எழுதித் தாருங்க.'
கவரின் முதுகில் எழுதினேன், பெரிய எழுத்தில்.
அவர் பெயருக்கு மேல் இருந்த பென்சில் கேள்வியை
அழிப்பானால் தேய்த்தேன்.
முழுக்கப் போகவில்லை.

போனபின் பார்த்தால்
ஃபோகஸ் குமிழில் ஒட்டுப்பால் ஓர் இழை,
அவர் விரலிலிருந்து வந்தது.
நகத்தால் பிடித்து இழுத்தேன்.
நீண்டது. நீண்டுகொண்டே வந்தது.
விட்டதும் சுருண்டு
குமிழிலேயே ஒட்டிக்கொண்டது.

அடுத்த கட்டை அறுநூற்றுப் பதினெட்டு.
ஐஸில் ஆறிவிட்டதா என்று
தொட்டுப் பார்க்கிறேன்.