பெயர் பிழைத்தால் பூஜ்ஜியம்

கிட்வே நகரில், ரயில் பாதைக்குத் தெற்கே,
ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்தது எங்கள் இதழியல் கல்லூரி.
பத்தொன்பது பேர், பதினான்கு நாற்காலி.
தாமதமாக வந்தவர்கள் ஜன்னல் திட்டில் உட்கார்ந்து
செய்தியின் முதல் பத்தியை
ரொட்டி வாசனையோடு எழுதினோம்.

சுவரில் ஒட்டியிருந்த விதி ஒன்றே ஒன்று:
பெயர் பிழைத்தால் பூஜ்ஜியம்.
தீ எப்படி மூண்டது, எந்தத் தெரு, யார் சாட்சி,
எல்லாம் சரியாக இருக்கலாம்.
செத்தவர் பெயரில் ஓர் எழுத்து தவறினால்
தாளும் கூடவே சாகும்.

என் முதல் எட்டுத் தாளில் ஐந்து செத்தன.
நசிலேலேக்கு ஒன்றுகூட இல்லை.

பேட்டிப் பயிற்சியில் அவள் அமைச்சர், நான் நிருபன்.
மேசைமேல் ஏறி உட்கார்ந்து காலாட்டியபடி
ஒவ்வொன்றுக்கும் "இல்லை" என்றாள்.
இடம் மாற்றிக் கேட்டேன், இல்லை.
தேதி மாற்றிக் கேட்டேன், இல்லை.
கடைசியில் குனிந்து சொன்னாள்:
"தப்பான கேள்விக்குச் சொல்லும் இல்லை
பொய்யாகாது, கபெம்ப்வா."
வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன்.
குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளவில்லை.

பிறகு ஆளுக்கொரு திசை.
லுபிண்டா வானொலியில் காலை ஆறு மணிக்கு
மக்காச்சோள விலை வாசிக்கிறான்;
அவன் தும்மினால் சந்தையில் விலை ஏறும் என்பது எங்கள் கேலி.
முதிந்தாவுக்குத் தேர்தல் வந்தால்தான் வேலை.
இடைப்பட்ட வருடங்களில் கல்யாணங்களைப் படம் பிடிக்கிறாள்.
மணமகள் அழுகிறாளா சிரிக்கிறாளா,
இரண்டு ஆதாரம் இல்லாமல் சொல்ல மாட்டாள்.
சிஃபாயா ஒரே ஒரு கட்டுரை எழுதினான்,
பதினோரு நாள் காவலில் இருந்தான்,
இப்போது காப்பீடு விற்கிறான்.
அவனைப் பற்றி நாங்கள் யாரும் ஒரு வரி எழுதவில்லை.
இதுதான் அந்த வரி.

நசிலேலே சுரங்க நிறுவனத்தின் மக்கள் தொடர்பு அதிகாரி.
என் சம்பளம் போல் நாலு மடங்கு.
மூன்று தம்பிகளின் பள்ளிக் கட்டணம் அதில் போகிறது.
விலை போனாள் என்று பேசியவர்களில் நானும் உண்டு,
அவள் வாங்கிக் கொடுத்த பீர்
என் கையில் சில்லென்று இருந்தபோதே.

போன மார்ச். மழை ஓயும் சமயம்.
தக்காளி பயிரிடும் ஒரு பெண் அலுவலகத்துக்குப் போன் செய்தாள்.
ஓடையில் ஜிலேபிக் கெண்டை மல்லாந்து மிதக்கிறது,
துவைத்த துணி கையோடு கிழிந்து வருகிறது என்றாள்.
ஓடையின் பெயரைச் சொல்லும்போது லைன் கரகரத்தது.
லுசாசி என்று எழுதிக்கொண்டேன்.

அச்சுக்குப் போக ஐம்பது நிமிடம்.
"லுசாசி ஓடையில் உங்கள் அமிலக் கழிவு கலந்ததா?"

"லுசாசி ஓடையில் எங்கள் நிறுவனம்
எதையும் விடவில்லை. இதை அப்படியே போடலாம்."

அறிக்கைக் குரல். இஸ்திரி போட்ட குரல்.
நான் நன்றி சொன்னேன். அவள் வைக்கவில்லை.
அவள் பக்கம் யாரோ ஒரு பையன்
வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தான்.
ஏழு ஆறு நாற்பத்திரண்டு வரை கேட்டது.

"பெயரைச் சரியாக எழுது" என்றாள்.
வைத்துவிட்டாள்.

தேநீர்க் கறை படிந்த மாவட்ட வரைபடத்தை விரித்தேன்.
கிழக்கே, சுரங்கத்துக்குப் பதினேழு கிலோமீட்டர் தள்ளி,
லுசாசி, பாதி வருடம் வெறும் மணல்.
மேற்கே, கழிவுக் குட்டையின் முதுகை உரசிக்கொண்டு
லுசேசி.

இரண்டுக்கும் மெய் ஒன்றுதான்.
நடுவில் ஓர் உயிர் வேறு.

மறுபடி அழைத்தேன். கேள்வியில் ஒரே எழுத்தை மாற்றினேன்.
"கருத்துக் கூற விரும்பவில்லை" என்றாள்,
மூச்சு விட்ட மாதிரி.

இரவோடு இரவாக டார்ச்சோடு ஒருவரை ஓடைக்கு அனுப்பினோம்.
படம் வந்தது. முதல் பக்கம் மாறியது.
கடைசிப் பத்தியில், மறுமொழி தர மறுத்தவர் என்ற இடத்தில்,
அவள் பெயரை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தேன்,
ஒரு முறை,
இன்னொரு முறை,
பேக்கரி அடுப்பு இன்னும் கீழே எரிவதுபோல்.