ஆறாம் படுக்கையின் தட்டு

ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி, மூன்றாம் மாடி, விடியற்காலை.
இன்குபேட்டரைத் திறந்ததும் பழகிய வாடை,
திராட்சை புளித்தது மாதிரி.
ஆவுடைநாயகம், ஐம்பத்திரண்டு,
கங்கைகொண்டானில் சுமை ஆட்டோ.
வந்தது தொடை எலும்புக்கு.
இது இங்கே வந்தபின் சேர்ந்தது.

தட்டில் ஆறு மருந்து வில்லைகள்.
ஒன்றைச் சுற்றியாவது வெறும் வட்டம் இருக்க வேண்டும்,
எறும்புச் சாக்பீஸ் கிழித்த கோட்டுக்குள் போல.
இல்லை.
வில்லையின் விளிம்புவரை பச்சை ஏறியிருக்கிறது.

நேற்றுக் கழற்றி அனுப்பிய குழாயை
கையுறை விரலால் தடவினேன்.
குறுக்குத்துறைப் படியில் கால் வைத்ததுபோல்
வழுக்கிற்று.

ஐப்பசி வெள்ளம் அங்கே கோயிலையே மூழ்கடித்துப் போகும்.
வடிந்தபின் பார்த்தால்
கல்லில் பாசி அப்படியே,
ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு.
பத்து நாளாய் ஏற்றிய மருந்தும்
மேலோடுதான் போயிருக்கிறது.
தனியாய் அலைந்தபோது செத்திருக்கும்.
இப்போது அதற்கு வீடு இருக்கிறது.

போனில் சிஸ்டர் ஜெபக்கனி:
"ஏதாச்சும் ஒண்ணுக்குக் கேக்காக்கா?"
"ஒரே ஒரு மருந்து பாக்கி. சாயந்தரம் சொல்லுதேன்."

வைத்துவிட்டுக் கை கழுவினேன், மறுபடியும்.
தண்ணீர் ஓடுகிறது.
திருகை எதால் மூடுவதென்று தெரியாமல்
ஈரக்கையோடு நிற்கிறேன்.