மழை என்று எழுதியவன்

அந்தனானரிவோவில் அக்டோபர்.
ஏரியைச் சுற்றி ஜகரண்டா ஊதாவாய்க் கொட்டிக் கிடக்க
அவைக்குள் மின்விசிறிச் சத்தம்.
செயலர் ரலைசாஃபிக்குப் பின்வரிசையில்
துண்டுச்சீட்டுகளோடு நான்.
கேள்வி உறுப்பினர்களுடையது, குரல் அவருடையது,
விடை என்னுடையது.
எட்டு வருடமாக இதுதான் பிழைப்பு.

முதல் ஒரு மணி நேரம் சுலபமாகப் போனது.
சீருடை எத்தனை, பூட்ஸ் எத்தனை,
ஊர்ப்புறக் குற்றங்கள் குறைந்தனவா?
கணிசமாக.
அந்தச் சொல்லை நான் தாராளமாகச் செலவழிப்பேன்,
அதற்கு நிதித்துறை ஒப்புதல் வேண்டியதில்லை.

பிறகு தெற்கிலிருந்து வந்த சுவாவெலு எழுந்தார்.
கையில் தாள் இல்லை. ஒரு துணிப்பை.

"சாவடியிலிருந்து அங்கிலிமேனா எவ்வளவு தூரம்?"
"இருபத்தொரு கிலோமீட்டர், மாண்புமிகு உறுப்பினரே.
வாகனத்தில் ஐம்பது நிமிடம்."
"எத்தனை வாகனம்?"
சீட்டை நீட்டினேன்: ஒன்று.
"ஓடுகிறதா?"

அதற்குச் சீட்டு இல்லை.
பழுதுபார்ப்பில் இருப்பதாக அவரே சமாளித்தார்.
செங்கல் மேல் நிற்கிறது அது,
ஓட்டுநர் இருக்கையில் கோழி அடைகாக்கிறது.
சாவடித் தலைவர் பனிஜா எழுதிய கடிதம்
என் மேசையில், இரண்டாம் இழுப்பறையில்.

"துப்பாக்கிச் சத்தம் கேட்டால் யாரிடம் சொல்வது?"
"அவசர எண் இருக்கிறது."
"புளியமரத்து உச்சியில்தான் எங்களுக்குச் சிக்னல்.
நடுராத்திரி, கீழே தஹாலுக் கொள்ளையர் நிற்கும்போது
ஏறப்போவது யார்? நீங்களா?"
சிரிப்பு. தலைவர் மணி அடித்தார்.

"ரெசூக்கியின் பட்டியில் பதினொரு மாடு.
அவள் தம்பி வயிற்றில் குண்டு.
தடம் பார்த்துப் போனார்களே, எங்கே நின்றது தடம்?"

செயலர் என் எழுத்தை வாசித்தார்:
"கனமழையால் தடம் அழிந்தமையின்
வீரர்கள் திரும்ப நேரிட்டது."

"எந்த மாதம்?"
"ஆகஸ்ட்."

தெற்கத்தி உறுப்பினர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.
"ஐயா," என்றார் அவர், குரலை ஏற்றாமல்,
"ஆகஸ்டில் எங்கள் ஊரில் மழை பெய்திருந்தால்
மாட்டைக் கேட்டு இங்கே வந்திருக்க மாட்டோம்.
நன்றி சொல்ல வந்திருப்போம்."

எட்டு வருடத்தில் முதன்முறையாக
செயலர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.

துணிப்பையிலிருந்து பதினொரு மாட்டேடுகள்.
அரசு முத்திரை, வரி கட்டிய ரசீது, எல்லாம் சரி.
"இவை மட்டும் பட்டியில் மிஞ்சின. வாசியுங்கள்."

அவர் மறுத்திருக்கலாம். விதி எண்கூட என்னிடம் இருந்தது.
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வாசித்தார்.
செவலை. இடக்கொம்பு நுனி முறிந்தது.
மயிலை. வலக்காதில் இரட்டை வெட்டு.
காரி, நெற்றியில் வெள்ளை.
மயிலை, சினை.
கால்நடை அலகு என்றே எழுதிப் பழகிய குறிப்பேட்டில்
சுருக்கெழுத்துக்காரி ஒவ்வொன்றாய் ஓட்டினாள்.
ஐந்தாவதில் மணி அடித்துவிட்டது.
மீதி எழுத்துமூலம் தரப்படும் என்றார்கள்.

எழுத்துமூலம் என்றால் நான்.

இரவு ஒன்பது. காவலாளி இரண்டு முறை எட்டிப் பார்த்தான்.
ஆறாம் ஏட்டைத் திறக்கிறேன்.
நிறத்துக்கான இடம் காலி. கன்று போலும்.
இழுப்பறையை இழுத்து
பனிஜாவின் கடிதத்தை எடுக்கிறேன்.
கோழிக்குக் கீழே இன்னொரு பத்தி:
"தடம் மாவட்ட அலுவலகக் கொட்டகைக்குப் பின்னால்
முடிகிறது, ஐயா.
அதன்பின் லாரிச் சக்கரம்."

படிக்காமல் விட்டேன் என்று சொல்ல ஆசைதான்.
படித்தேன்.
படித்துவிட்டுத்தான்
மழை பெய்வித்தேன்.

இப்போது தட்டச்சு செய்திருப்பது ஒரே வரி:
ஆகஸ்டில் மழை இல்லை.
அடுத்த வரியில் கொட்டகை வரவேண்டும்.
யார் சொன்னது என்று கேட்பார்கள்.
பனிஜாவுக்கு வண்டியும் இல்லை,
சாவடிக்குச் சுற்றுச்சுவரும் இல்லை.