எட்டவில்லை

பெர்கன். இரவு இரண்டேகால். வழக்கமான மழை.
சுன்னிவா பட்டியலைக் கேட்கிறாள்:
தயார். தயார். நிரம்பியது.
நினைவகம் நாலு ஜிபி மிச்சம்.
தயார்.
நாற்பத்தேழு: எட்டவில்லை.

மறுபடி தட்டினாள்.
கர்சர் மட்டும் இமைத்தது.

காலுறையோடே கீழ்த்தளம் இறங்கி
இரைச்சலுக்குள் நுழைந்து
அதன் முதுகில் உள்ளங்கை வைத்தாள்.
கொதிக்கிறது.
காற்றாடி தலைதெறிக்கச் சுற்றுகிறது.
காட் மீன் குஞ்சுகள் எந்தக் கரை ஒதுங்கும் என்று
ஒன்பது நாளாய்க் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது.
'இருக்கிறேன்' என்று சொல்லும்
சின்ன நிரல்தான்
எப்போதோ செத்துப்போயிருக்கிறது.

அணைக்காமல் மேலே வந்தாள்.
கைபேசியில் தவறிய அழைப்பு மூன்று,
துரோம்சோவிலிருந்து தங்கை.
வேலை அதிகம் என்று அடித்தாள், அழித்தாள்.
இருக்கிறேன் என்று மட்டும் அனுப்பினாள்.

திரையில் நாற்பத்தேழு
இன்னும் எட்டவில்லை.