ஆஹ்திக்குப் பத்து நிமிடம்

வியாழக்கிழமை. பட்டாணி சூப், அப்புறம் பான்கேக்.
ராஹே ஊர்ச் சேவைச் சங்கத்தில்
மாதம் ஒருவர் தன்னைப் பற்றிப் பேச வேண்டும்.
இம்முறை ஆஹ்தி.
ஒன்பது வருடமாக, கூட்டம் முடிந்ததும்
நாற்காலி மடக்குகிறவர்.
அதற்குமேல் நான் அறிந்தது
சந்தா பாக்கியில்லை என்பதுதான்;
நான் பொருளாளர்.

"பூட்டுத் திறப்பவன்" என்றார்.
"சாவி தொலைத்தவர்கள் பாதி.
மீதிக்குப் போலீஸ் கூப்பிடும்,
பத்து நாளாய்த் தபால் எடுக்காத வீடுகள்.
திறந்துவிட்டு ஒதுங்கிக்கொள்வேன்.
உள்ளே போவது என் வேலை இல்லை.
வாடை மட்டும் வெளியே வரும்."

கரண்டிச் சத்தம் நின்றது.

"அதனால் தினமும் காலையில்
பதினோரு பேருக்குப் போன் செய்கிறேன்.
பனி எவ்வளவு என்று கேட்பேன். சொல்வார்கள்.
எல்லார் வாசலிலும் ஒரே பனிதான்,
தெரியும்."

நான்கு நிமிடத்தில் உட்கார்ந்துவிட்டார்.
எந்தப் பூட்டு நல்லது என்று
யாரோ கேட்டார்கள்.
"விலை கூடியது" என்றார், சிரிக்காமல்.

மறுநாள் எட்டு மணி.
மேசையில் என் ஒற்றைக் கோப்பை.
தொண்டையைச் செருமிக்கொண்டு போனை எடுத்தேன்.
"உங்கள் பக்கம் எவ்வளவு?"
ஜன்னல்வரை போய்ப் பார்த்துவிட்டு
முழங்கால் அளவு என்றேன்.

பதினொன்று பன்னிரண்டானதை
எந்தக் கணக்கிலும் நான் எழுதவில்லை.