மூன்றில் ஒரு பங்கு

இரவு இரண்டு பதினான்குக்கு வந்திருக்கிறது,
தலைப்பு இடம் காலியாக.
"உங்கள் ஜன்னல் காற்றின் சத்தத்தை நிறுத்துமா?
குளிரை அல்ல, குளிர் பழகிவிட்டது.
சத்தத்தை.
எடுவினா பாரியெந்தோஸ், மேட்டுத் தெரு."

காலை எட்டரைக்கு
கோட்டிலிருந்து பனித்துகளைத் தட்டிவிட்டு
கணினியைத் திறக்கிறேன்.
அவளுக்கு ஏற்கெனவே ஒரு நன்றி போயிருக்கிறது,
நான் தூங்கிக்கொண்டிருந்தபோது
நானே எழுதியதாக:
மதிப்புக்குரிய வாடிக்கையாளரே,
உங்கள் ஆர்வம் எங்களை மகிழ்விக்கிறது.
அன்புடன், யாஸ்னா.

புன்த்தா அரேனாஸில் ஜன்னல் விற்கிறோம்.
இரட்டைக் கண்ணாடி, நடுவே அடைத்த வாயு,
பத்து வருட உத்தரவாதம்.
காற்று முற்றிய நாளில் இங்கே
தெருமுனைகளில் கயிறு கட்டிவிடுவார்கள்,
பிடித்துக்கொண்டு நடக்க.
முதலாளி தொன் ஸ்லாவ்கோ சொல்வார்:
நமக்கு விளம்பரம் எதற்கு,
மேற்கிலிருந்து தினமும் இலவசமாக வீசுகிறதே.

ஆனாலும் விசாரிப்பவர்களுக்கு நிறம் பூசி வைத்திருக்கிறார்.
சிவப்பு, சூடு: இன்றே கூப்பிடு.
மஞ்சள், வெதுவெதுப்பு:
மூன்றாம் நாள் நினைவூட்டு, ஏழாம் நாள் தள்ளுபடி சொல்.
நீலம்,
ஆறின கஞ்சி பழங்கஞ்சி.

விலை கேட்டால் மாதிரிக் கடிதம் ஒன்று.
அளவு கேட்டால் இரண்டு.
விலையைப் பார்த்து ஊமையானால் மூன்று,
அது கொஞ்சம் கெஞ்சும்.
சத்தத்தைக் கேட்டவளுக்கு எதுவும் இல்லை.

விவரக் கையேட்டில் டெசிபெல் கணக்கு இருக்கிறது.
இரண்டு மணிக்கு விழித்திருப்பவளுக்கு
அதை அனுப்பி என்ன செய்ய?
காட்சிக்கூடத்துக்குப் போய்
மாதிரி ஜன்னலைச் சாத்தி
கண்ணாடியில் காதை வைத்தேன்.
லாரி போயிற்று. நாய் போயிற்று.
சட்டத்தின் இடது மூலையில்
மெல்லிய ஒன்று மட்டும்
போக மனமில்லாமல் நின்றது.

எழுதினேன்:
மூன்றில் இரண்டு பங்கு நிற்கும் அம்மா.
மீதி சாவித்துளை வழியே வரும், புகைபோக்கி வழியே வரும்.
அதை நிறுத்த எங்களிடம் பொருள் இல்லை.
கடைசி வரியை அழித்தேன்.
திரும்பப் போட்டேன்.

தோளுக்குப் பின்னால் நின்று படித்தார் தொன் ஸ்லாவ்கோ.
உண்மை சொல்லலாம் யாஸ்னா,
முதல் கடிதத்திலேயேவா?

ஆறு நாள் கழித்து அவள் பதில்.
சாந்தியாகோ கம்பெனி ஒரே நிமிடத்தில் எழுதிவிட்டதாம்,
முழு நிசப்தம், எழுத்தில் உறுதி.
"அவர்களுக்கே கொடுத்துவிட்டேன். கோபமில்லையே?"

நீலம்.
இயந்திரத்தை நிறுத்த மறந்தேன்.
மறுநாளே அவளுக்கு
ஏழாம் நாள் தள்ளுபடி போய்ச் சேர்ந்தது.

நவம்பர். காற்றுக் காலம்.
இரவு இரண்டு நாற்பது.
இந்த முறை தலைப்பு இருந்தது: மீதி.

"வந்துவிட்டது, நீங்கள் சொன்ன அந்த ஒரு பங்கு.
சமையலறைப் பக்கம்.
முன்பு எல்லாமாகச் சேர்ந்து கத்தியதில்
இது தெரியவே இல்லை.
பக்கத்து அறையில் யாரோ பல் துலக்குகிற மாதிரி.
என் வீட்டுக்காரர் மாதிரி இல்லை,
அவர் அவசரமாகத் துலக்குவார்.
விலை ஒன்றும் அனுப்ப வேண்டாம்.
தெரிந்தவர்களிடம் சொல்லத் தோன்றியது."

இரண்டு நாற்பத்தொன்றுக்கு
அவளுடைய ஆர்வத்துக்கு மகிழ்ந்திருக்கிறேன்.

என்ன வாங்கப் போகிறாள், என்றார் தொன் ஸ்லாவ்கோ.
ஒன்றுமில்லை.
பின்னே ஏன் திறந்து வைத்திருக்கிறாய்?

ஒரே ஒரு முகவரிக்கு மட்டும்
தானாக நன்றி சொல்வதை நிறுத்தும் பொத்தான்
எங்கே இருக்கிறதென்று தேடிக்கொண்டிருந்தேன்.
நாற்பது நிமிடம் ஆயிற்று.
அதற்குள் மூன்று சிவப்பு
மஞ்சளாகிவிட்டன.